தனியாக டிசைன் தொழில் செய்வது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே பதினான்கு வருடங்களாக டிசைன் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை, மசாலாப் பொடி பாக்கெட், ஊறுகாய் பாட்டில் லேபிள் என்று பல வேலைகள் வரும். அதற்கு முன் ஆறு வருடம் ஓர் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி பிரிவில் சம்பளத்துக்கு இருந்தேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் வாட்ஸாப்பில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எல்லோருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட ஒருமுறை உட்கார்ந்து முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அக்கா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா?

உங்களிடம் ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். ஒருமுறை வேலை கொடுத்து, காசும் கொடுத்து, மறுபடியும் தேடி வந்தவர்கள் எத்தனை பேர்? "சூப்பரா இருக்கு" என்று சொன்னவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நான் அச்சகத்தில் இருந்தபோதே எட்டு மாதம் ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை வெளிவேலை செய்தேன். அப்படித் திரும்பி வந்தவர்கள் நான்கு பேர். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணமும் வங்கியில் இருந்தது. அதற்குப் பிறகுதான் வேலையை விட்டேன். நகையை அடகு வைத்துப் புது கம்ப்யூட்டர் வாங்கி ஆரம்பிக்காதீர்கள். முதல் வருடத்துக்குப் பழைய மெஷின் தாராளமாகப் போதும்.

இன்னொன்று. சம்பள வேலையில் இருக்கும் காலத்தை வீணான காலம் என்று நினைக்காதீர்கள். இன்றுவரை எனக்குச் சோறு போடுவது அந்த அச்சகத்தில் கற்றதுதான். 200 பக்கப் புத்தகம் என்றால் 100 தாள். ஒரு தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றால் ஸ்பைன், அதாவது புத்தகத்தின் முதுகு, 10 மில்லிமீட்டர் வரும். பேப்பர் மாறினால் அதுவும் மாறும். இதைக் கேட்காமல் அட்டை போட்டால் புத்தகத்தின் பெயர் ஸ்பைனிலிருந்து வழிந்து முன்னட்டைக்கு வந்துவிடும். திரையில் பளிச்சென்று இருக்கும் பச்சை, நான்கு வண்ண அச்சில் மங்கித்தான் விழும் என்பதையும் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மெஷின் ஓட்டும் அண்ணன்களிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் போதும், ஒரு பாடத்திட்டமே சொல்லித் தருவார்கள்.

இதற்கு டிகிரி வேண்டுமா?

கஸ்டமர் யாரும் இதுவரை என்னிடம் சர்டிபிகேட் கேட்டதில்லை. ஆனால் பிளஸ் டூ முடித்த பிள்ளை கேட்டால், முடிந்தால் படி என்றுதான் சொல்வேன். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரியின் தொடக்கம் 1850. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணமும் தனியார் அளவுக்கு இருக்காது. நாலு வருடம் கையால் வரையப் பழகியவர்களின் கண் வேறு மாதிரி இருக்கிறது, அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பழைய புத்தகக் கடைகளில் அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பழகிக்கொண்டேன், கூடுதலாகச் சில வருடங்கள் பிடித்தன.

ஒரு அட்டைக்கு எவ்வளவு கேட்பது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பக்கத்துக் கடைக்காரர் வாங்குவதில் நூறு ரூபாய் குறைத்துக் கேட்பதுதான் பலரும் செய்வது. நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். அப்படிச் செய்தால் உங்கள் விலையை அவர் தீர்மானிக்கிறார். அவருக்கு வாடகை இல்லாமல் இருக்கலாம், சொந்த மெஷின் இருக்கலாம், டிசைனைச் சும்மா கொடுத்து அச்சில் லாபம் பார்ப்பவராகவும் இருக்கலாம்.

ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். வீட்டுச் செலவு மாதம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். கரண்ட், இன்டர்நெட், சாஃப்ட்வேர், மெஷினுக்கான தேய்மானம் எல்லாம் சேர்த்து 8,000. மருத்துவக் காப்பீடு, சேமிப்பு 7,000. ஆக 45,000. மாதத்தில் 26 நாள் உழைப்பீர்கள், சரி. அதில் காசு வரும் வேலையில் கழியும் நாட்கள் எத்தனை? போன் பேசுவது, அச்சகத்துக்கு அலைவது, பணம் கேட்டு நடப்பது, வேலை இல்லாமல் காத்திருப்பது எல்லாவற்றையும் கழித்தால் எனக்கு 15 நாள்தான் தேறுகிறது. 45,000-ஐ 15-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 3,000. ஓர் அட்டைக்கு ஒன்றரை நாள் பிடித்தால் 4,500. அதற்குக் கீழே போனால் அந்த மாதம் எங்காவது கடன் வாங்குகிறேன் என்று அர்த்தம்.

இந்த எண்கள் என் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் வீட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். போட்டுப் பார்த்த பிறகு விலை சொல்லும்போது குரல் தடுமாறாது. அதுவரை எனக்குத் தடுமாறிக்கொண்டேதான் இருந்தது. 1,500 என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் வாய் திறக்கும் முன்பே "பரவாயில்லை சார், பார்த்துக் கொடுங்க" என்று நானே இறங்கி வந்திருக்கிறேன். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை, வாங்கிய எல்லா கம்ப்யூட்டர்களையும்விட அதிகம்.

அட்வான்ஸ் கேட்டால் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

சிலர் போவார்கள். அவர்களில் பலர் மிச்சப் பணத்தையும் தர மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

நான் கேட்கும் விதம் இதுதான். வேலையைப் பற்றி முழுதாகக் கேட்டுக்கொள்வேன். சைஸ், எத்தனை காப்பி, எந்த அச்சகம், எப்போது வேண்டும். அப்புறம், "அண்ணே, இதுக்கு 4,500 ஆகும். பாதி இப்போ அனுப்பிடுங்க, வியாழக்கிழமை முதல் டிசைன் வந்துடும். மீதி, பிரிண்ட் ஃபைல் கொடுக்கும்போது" என்பேன். இவ்வளவுதான். காரணம் சொல்வதில்லை, மன்னிப்புக் கேட்பதில்லை. சொல்லி முடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நொடி மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகியதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றதில் கஷ்டமானது. பேசியதை அன்றைக்கே வாட்ஸாப்பில் நாலு வரியாக அனுப்பிவிடுவேன்.

கல்யாண வீட்டில் மண்டபத்துக்கு, சமையலுக்கு, நாதஸ்வரத்துக்கு எல்லாம் அட்வான்ஸ் கொடுத்துத்தான் நாள் பிடிக்கிறார்கள். பத்திரிகைக்குக் கொடுப்பது அவர்களுக்குப் புதிதே இல்லை. நமக்குத்தான் அதைக் கேட்க வாய் வருவதில்லை.

சொந்தக்காரர்கள் சும்மா செய்து தரச் சொல்கிறார்களே?

"நம்ம பொண்ணுதானே, வீட்லதான இருக்கு" என்று சொல்லித்தான் வருவார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. கேஸ் சிலிண்டர் வந்தாலும் நாம்தான் எழ வேண்டும், அத்தை வீட்டுக் காதுகுத்துக்கும் நாம்தான் கார்டு போட வேண்டும்.

நான் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறேன். கூடப் பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் வீட்டு விசேஷத்துக்கு டிசைன் என் சீர். அதில் காசு பேச்சே கிடையாது, மனசார செய்வேன். மற்ற எல்லோருக்கும் முழு விலை. மொய் மட்டும் விசேஷத்தன்று தனியாக வைப்பேன். பாதி விலை என்ற ஒன்று என்னிடம் இல்லை. பாதி விலை கொடுத்தவர்களுக்குத்தான் மனத்தாங்கல் வருகிறது, நமக்கும் வருகிறது. என் சித்தி ஒருவர் முதலில் கோபித்துக்கொண்டார். இப்போது அவரே மற்றவர்களிடம், "அவ தொழில் பண்றா, காசு குடுத்து வாங்கு" என்கிறார்.

கரெக்ஷன் முடிவே இல்லாமல் போகிறது. எப்படி நிறுத்துவது?

மூன்று கரெக்ஷன் வரை விலையில் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். எண்ணிக்கை தெரிந்தால் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே தடவையில் சொல்லிவிடுவார்கள். அதைவிட முக்கியம், கரெக்ஷன் எந்த வழியில் வருகிறது என்பது. நான் அடிபட்ட இடம் அது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கல்யாணப் பத்திரிகை. முதலில் செப்டம்பர் 1, ஆவணி 16, வியாழக்கிழமை என்று கொடுத்திருந்தார்கள். ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரி, பார்த்து முடிந்தபின் பெண்ணின் அப்பா போன் செய்தார். மண்டபம் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது, தேதி செப்டம்பர் 4 என்றார். நான் அப்போது காய்கறிக் கடையில் நின்றிருந்தேன். ஒரு கையில் பை, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். வீட்டுக்கு வந்ததும் நினைவிலிருந்து ஆங்கிலத் தேதியை மாற்றினேன், தமிழ்த் தேதியை ஆவணி 19 ஆக்கினேன், முகூர்த்த நேரத்தை மாற்றினேன். கிழமையை மாற்றவில்லை. எண்ணூறு பத்திரிகை "வியாழக்கிழமை" என்று அச்சாகி, மஞ்சள் தடவ நாள் பார்த்து வைத்திருந்த அன்று காலையில் பெண்ணின் பாட்டிதான் கண்டுபிடித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டி. அந்தக் குடும்பம் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. பதினோராயிரம் ரூபாய் என் கையிலிருந்து போட்டு மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து போனில் வரும் கரெக்ஷன் எதையும் ஏற்பதில்லை. "எழுதி அனுப்பிடுங்கப்பா, இல்லேன்னா நான் தப்பு பண்ணிடுவேன்" என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அச்சுக்குப் போகும் முன் என் மேஜைக்கு மேலே தொங்கும் தினசரி காலண்டரில் அந்தத் தேதியைத் திருப்பி எடுத்து, ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம் நான்கையும் விரல் வைத்து, வாய்விட்டுப் படிக்கிறேன். கஸ்டமர் வீட்டிலும் இரண்டு பேர் படித்துவிட்டு "ஓகே, பிரிண்ட் போகலாம்" என்று எழுத்தில் அனுப்பினால்தான் ஃபைல் நகரும்.

எழுத்துருவிலும் இதே கவனம் வேண்டும். வாட்ஸாப்பில் வருவது யுனிகோட். பல அச்சகங்களில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'ஸ்ரீ' காணாமல் போகும். அதனால் அச்சகத்துக்கு அனுப்பும் ஃபைலில் எழுத்துகளைக் கர்வாக (curve), அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு, மாற்றிய பிறகும் ஒருமுறை முதலிலிருந்து படியுங்கள்.

வேலை முடித்துக் கொடுத்துவிட்டேன், பணம் வரவில்லை. என்ன செய்வது?

எனக்கும் நடந்தது. மூன்று புத்தக அட்டைக்கான பணம் எட்டு மாதம் இழுத்தது, கடைசியில் பாதிதான் வந்தது. அப்போது என்னிடம் பில் இல்லை, பேசியதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை, உத்யம் பதிவும் இல்லை.

உத்யம் என்பது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதார், பான் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். காசு கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, அங்கே போகாதீர்கள். சேவைத் தொழில் செய்யும் நாமும் பதியலாம். வேலை எடுக்கும் முன்பே பதிந்து வைப்பது நல்லது. 2006-ஆம் வருடச் சட்டப்படி, பதிந்த குறு, சிறு தொழிலிடம் வேலை வாங்கிய நிறுவனம் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும், அந்தக் கெடுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க அரசுத் தளமும் இருக்கிறது.

புகார் வரை நான் இன்னும் போகவில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் "45 நாட்களுக்குள்" என்ற வரியையும் சேர்த்ததே பெரிய மாற்றம். காலம் கடந்து நிற்கும் பாக்கியை, பணம் கொடுத்துத் தீர்க்கும் வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரி விதியும் வந்துவிட்டது. அதனால் மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே நமக்காகக் கேட்கிறார்.

கல்யாண வீட்டாரிடம் இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது. அங்கே அட்வான்ஸ்தான் பாதுகாப்பு. மீதி வராமல் பிரிண்ட் ஃபைல் கொடுக்காதீர்கள்.

நான் போட்ட டிசைன் யாருக்குச் சொந்தம்?

பொதுவாக, தனியாகத் தொழில் செய்பவர் உருவாக்கியதற்கு அவரே முதல் உரிமையாளர் என்பதுதான் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்து செய்தது நிறுவனத்துக்குச் சேரும். ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் கேட்டு, காசு வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படம், வரைந்த ஓவியம் இவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். எனவே அட்டைக்கு ஓவியம் வரைபவர்கள் கட்டாயம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் அட்டையை "இந்தப் புத்தகத்தின் எல்லாப் பதிப்புகளுக்கும்" என்று எழுதித் தருகிறேன். அதே படத்தை டீ ஷர்ட்டில் போடுவதென்றால் தனியாகப் பேச வேண்டும். ஓபன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல், கேட்டால் அதற்குத் தனி விலை. உள்பக்கத்தில் "அட்டை வடிவமைப்பு" என்று பெயர் போடுவதையும் விடாமல் கேளுங்கள். எனக்கு அடுத்த வேலைகள் பாதி அந்த ஒரு வரியிலிருந்து வந்தவை.

வரி, ஜிஎஸ்டி எல்லாம்?

சேவைக்கு மட்டும் என்றால், தமிழ்நாட்டில் வருடம் 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கம்பெனிகள் நம் கட்டணத்தில் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால், கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது வங்கியில் முதலில் கேட்பது மூன்று வருட ரிட்டர்னைத்தான். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள், அவருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

ஏஐ வந்துவிட்டதே, இனி இந்தத் தொழில் நிற்குமா?

பிறந்தநாள் போஸ்டர், பண்டிகை வாழ்த்துக் கார்டு இரண்டும் எனக்கு ஏறக்குறைய நின்றுவிட்டன. போனிலேயே செய்துகொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோவில்பட்டி கொண்டையராஜு ஐயாதான் நினைவுக்கு வருகிறார். சென்னையில் ஓவியம் படித்தவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தார். சினிமா வந்து நாடகம் ஒடுங்கியது. அவரும் சீடர்களும் கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்து, சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களுக்குச் சாமி படம் வரைந்தார்கள். அரண்மனைத் தூண், திரைச்சீலையின் மடிப்பு, தூரத்துக் குளம் என்று நாடக மேடையில் பழகிய கை அப்படியே காலண்டருக்கு வந்தது. நம் பாட்டி வீட்டுப் பூஜை அறைப் படங்கள் பலவற்றின் பின்னணியைப் பாருங்கள், மேடை தெரியும். 1976-இல் அவர் மறைந்த பிறகும் சீடர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள்.

என் வேலையிலும் அப்படி எதைக் கையோடு எடுத்துப் போக முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊறுகாய் லேபிள் கேட்டு வரும் அம்மா, கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த பத்துப் படத்தைக் கொண்டுவந்து "இதுல எது?" என்று கேட்கிறார். பாட்டில் வளைவில் எது மறையும், எண்ணெய்க் கை பட்டால் எந்தப் பேப்பர் ஊறும், காலாவதித் தேதியை எங்கே முத்திரை குத்துவது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த யோசனைக்கு இப்போது தனியாகக் கட்டணம் வாங்குகிறேன்.

ஆடியில் வேலையே இருக்காதே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஆடியிலும் மார்கழியிலும் பத்திரிகை வேலை கிடையாது. ஆவணி, தை, வைகாசியில் தூங்க நேரம் இருக்காது. சம்பளம்போல மாதாமாதம் வராது என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் எல்லா வரவையும் தொழில் கணக்கில் போட்டு, வீட்டுக்கு ஒன்றாம் தேதி ஒரே தொகையை மாற்றுகிறேன். தையில் கை நிறைய வந்தாலும் அதே தொகைதான்.

காலியான மாதங்களுக்கு வேறு வேலைகளைத் தேடிப் பொருத்திக்கொண்டேன். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புது வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளிவரும், ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். கடைக்காரர்களுக்கான காலண்டர் வேலை அதிலிருந்து வருகிறது. சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் என்பதால் அட்டைகள் அக்டோபரில் தொடங்கி மார்கழி வரை வந்துகொண்டிருக்கும். மிஞ்சும் ஆடி நாட்களில் புது எழுத்துருக்கள் பழகுகிறேன், பழைய பாக்கிகளைக் கேட்கிறேன்.

உங்களிடம் வந்து வேலை பழகலாமா?

வரலாம். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் சொல்லித் தர முடிகிறது, சனிக்கிழமை மத்தியானம் மட்டும். லேப்டாப் வேண்டாம். வீட்டு பீரோவில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கும், அதில் மூன்றும், ஒரு சிவப்புப் பேனாவும் எடுத்து வாருங்கள். தினசரி காலண்டர் என்னிடம் இருக்கிறது. முதல் வாரம் அந்த மூன்றையும் வாய்விட்டுப் படிப்போம்.